புகை டெஸ்ட் பாஸ் ஆன லாரியை எதற்கு மறுபடி ரோட்டில் சோதிக்க வேண்டும்?

நாமக்கல் பக்கம் இரண்டு லாரி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். ஒன்று 2018 மாடல் பி.எஸ்.4, இன்னொன்று 2022 மாடல் பி.எஸ்.6 (பி.எஸ். என்பது நம் நாட்டு வண்டிப் புகைக்கான தரம், எண் ஏற ஏற வரம்பு இறுகும்). இரண்டுக்கும் புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையிலும் காட்டியாயிற்று. அப்படியிருக்க, வண்டியை ரோட்டில் ஓடவிட்டு டெஸ்ட் எடுப்பது என்று ஏதோ பேசுகிறார்களே, அது கடைசியில் எங்கள் தலையில்தான் விடியுமா என்பது முதல் கேள்வி. பழைய வண்டிக்கு சி.என்.ஜி. கிட் போடலாம் என்கிறார் மெக்கானிக், பயோடீசல் அடித்தால் லிட்டருக்கு இவ்வளவு மிச்சம் என்கிறார் இன்னொருவர், சட்டப்படி சரிதானா என்பது இரண்டாவது. எஞ்சினைத் தனியாக ஓட்டி அளக்கும் ஆய்வகத்திலும் அப்புறம் ரோட்டு டெஸ்டிலும் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதல் கேள்விக்கு நேரடி பதில்: ரோட்டு டெஸ்ட் இப்போதைக்கு உங்கள் தலையில் இல்லை. அது கம்பெனிக்கு வைக்கும் பரீட்சை. 2023 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 இரண்டாம் கட்டம் நடப்புக்கு வந்தது. விற்ற லாரியை மறுபடி எடுத்து, பெம்ஸ் என்று நாங்கள் சொல்லும் கருவியை அதிலேயே கட்டி, ரோட்டில் ஓட்டி அளக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒத்துக்கொண்ட அளவில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. போனால் பதில் சொல்ல வேண்டியது வண்டி தயாரித்தவர்தான். உங்கள் 2022 வண்டி இந்தத் தேதிக்கு முன்பே வந்துவிட்டது.

ஆனால் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. புகை டெஸ்ட் பாஸ் என்றால் வண்டி சுத்தம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, சான்றிதழே அப்படித்தான் சொல்கிறது. புகை டெஸ்டில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வண்டி நிற்கிறது, கியர் நியூட்ரல். சைலன்சரில் ஒரு குழாயைச் செருகுகிறார்கள். டிரைவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி ரேஸ் கொடுக்கிறார், விடுகிறார், மறுபடி கொடுக்கிறார். வெளியே வரும் புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி ஒரு எண்ணைக் காட்டும். பி.எஸ்.4க்கு முந்தைய வண்டிக்கு 2.45, பி.எஸ்.4க்கு 1.62, பி.எஸ்.6க்கு 0.7 என்பது வரம்பு. அவ்வளவுதான் டெஸ்ட். லோடு இல்லை, மேடு இல்லை, ரோடே இல்லை. அளப்பது கறுப்புப் புகையை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கருவிக்கும் தெரியாது. பி.எஸ்.4இலிருந்து பி.எஸ்.6க்குப் போனபோது லாரி எஞ்சினில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று இந்த நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. கனரக எஞ்சினுக்குக் கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் என்றிருந்தது 0.46 கிராமுக்கு இறங்கியது. அதை விற்பதற்கு முன் ஆய்வகத்தில் அணு அணுவாக அளக்கிறோம், விற்ற பிறகு புகை டெஸ்டில் ஒரு தடவைகூட அளப்பதில்லை.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், புகை டெஸ்டுக்கு முந்தின நாள் பம்ப் மெக்கானிக்கிடம் போய் டீசலைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்வார்கள், சான்றிதழ் வாங்கிய கையோடு மறுபடி ஏற்றிவிடுவார்கள். இப்போது அதற்கும் அவசியம் இல்லை. புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் திருப்பிவிடும் ஈ.ஜி.ஆரை அடைத்துவிட்டால் கறுப்புப் புகை குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். அதாவது கெடுத்த வண்டி, கெடுக்காத வண்டியைவிட நல்ல மார்க் வாங்கும்! இதை ஒரு டெஸ்ட் என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, ரோட்டில் அளக்கும் யோசனை எங்கிருந்து வந்தது? 2015இல் புகை டெஸ்டை ஏமாற்றியதாக ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனி மாட்டியதிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்பே லாரியில்தான் தொடங்கியது. 1998இல் அமெரிக்காவில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், வால்வோ உள்பட ஏழு கனரக எஞ்சின் கம்பெனிகள் மாட்டின. எஞ்சின் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்திருந்தார்கள். டெஸ்ட் போல ஏறி இறங்கி ஓடினால் ஒழுங்காக இருக்கும், ஹைவேயில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போனால் மைலேஜுக்காக டீசல் பீய்ச்சும் டைமிங்கை மாற்றிக்கொள்ளும், நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். ஏறக்குறைய 13 லட்சம் எஞ்சின்கள். அபராதம், திருத்தும் செலவு எல்லாம் சேர்த்து 100 கோடி டாலர் கணக்கில் சமரசம் ஆனது. அதன் தொடர்ச்சியாகத்தான் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய் அளக்கும் கருவியை உருவாக்கியது. பதினைந்து வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகத்து ஆட்கள்தான் ஃபோக்ஸ்வேகன் காரின் டிக்கியில் கருவியை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஜப்பானில் ஹினோ என்ற லாரி கம்பெனி 2022இல் எஞ்சின் டெஸ்ட் விவரங்களைத் திருத்தியதை ஒப்புக்கொண்டது, விசாரணையில் பழக்கம் 2003 வரை பின்னால் போனது. ஆகவே நம்ம ஊர் ஆட்கள் மட்டும் ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு வேண்டாம். எங்கே அளக்கவில்லையோ அங்கே எல்லோரும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார்கள்.

கருவியைப் பக்கத்தில் பார்த்தால் பெரிய அதிசயமாகத் தெரியாது. சைலன்சர் முனையில் ஒரு தடித்த குழாய், போகும் புகையின் அளவை அது எடுக்கும். அதிலிருந்து சூடேற்றிய ஒரு ஹோஸ் பெட்டிக்குப் போகும், வழியில் ஆறினால் ஈரம் படிந்து கணக்கு கெட்டுவிடும் என்பதால் சூடு. பெட்டிக்குள் வாயுக்களை அளக்கும் சாதனங்கள், கேபின் மேல் ஜி.பி.எஸ்., பக்கத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பார்க்கும் ஒரு சின்ன சென்சார், டேஷ்போர்டுக்குக் கீழே கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயர். இதற்கெல்லாம் கரண்ட் வண்டியிலிருந்து எடுக்கக்கூடாது என்று தனி பேட்டரியோ ஜெனரேட்டரோ. பாடியில் மணல் மூட்டை அடுக்கி லோடு. ஒரு தடவை மூட்டை கிழிந்து மணல் பறந்து வடிகட்டியில் புகுந்து, காலையில் எடுத்த மூன்று மணி நேர டேட்டா முழுவதும் குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு நான் மணலுக்குப் பதில் கான்கிரீட் கட்டைதான் கேட்பேன். ஒரு செட்டின் விலைக்கு மூன்று நான்கு புது லாரி வாங்கலாம். அதனால்தான் இதை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் வைக்க முடியாது.

ரோட்டு டெஸ்டிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஓட்டிய முழு நேரத்தையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. ஆய்வகச் சுற்றில் எஞ்சின் எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு வேலை கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போடுவார்கள். அதில் எஞ்சின் சக்தியில் 20 சதவீதத்துக்குக் கீழே ஓடிய துண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதுதான் ஐரோப்பாவில் முதலில் வைத்த விதி. மீதியிலும் மோசமான பத்து சதவீதத்தைத் தள்ளிவிடலாம். கேட்க நியாயமாகத் தோன்றும். எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் டிரெய்லர்கள் நிற்கும் வரிசையை ஒரு நாள் போய்ப் பாருங்கள். பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. அந்த ஓட்டத்தில் எஞ்சின் சக்தி 20 சதவீதத்தைத் தொடவே தொடாது. சைலன்சர் ஆறிப்போயிருக்கும், 200 டிகிரிக்குக் கீழே போனால், யூரியாவை வைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். ஏறக்குறைய தூங்கிவிடும், யூரியா தெளித்தும் பலன் இல்லை. ஆக நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாக வருவதும், அதைச் சுவாசிக்க ஆட்கள் அதிகமாக இருப்பதும் அங்கேதான். கணக்கில் விடுபடுவதும் அதே இடம்தான். ஐரோப்பாவில் பிறகு இதை 10 சதவீதமாக இறக்கினார்கள், எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளம்பும் நேரத்தையும் சேர்த்தார்கள். யூரோ 7 கனரக வண்டிகளுக்கு 2028இல் வரும்போது பிடி இன்னும் இறுகும். பி.எஸ்.7 என்று நாம் எழுத உட்காரும்போது சென்னை, மும்பைத் துறைமுக வரிசைகளை மனதில் வைத்து எழுத வேண்டும், ஜெர்மன் ஹைவேயை வைத்து எழுதினால் போதாது.

அடுத்தது யூரியா. உங்கள் பி.எஸ்.6 வண்டிக்கு இதுதான் உயிர்நாடி. ஆட்ப்ளூ என்று விற்கும், 32.5 சதவீதம் யூரியா கலந்த அந்தத் தண்ணீர் டேங்கில் தீரத் தீர முதலில் விளக்கு எரியும், அப்புறம் எஞ்சினின் இழுவை கால்வாசி குறையும், அதையும் கவனிக்காவிட்டால் கடைசியில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் கெட்டாலும் சரி செய்யாமல் ஓட்டினால் இதே தண்டனைதான், டேங்க் நிறைய ஆட்ப்ளூ இருந்தாலும். சேலத்திலிருந்து தர்மபுரிக்கு லோடோடு தொப்பூர் மேட்டில் ஏறும்போது இது நடந்தால் டிரைவர் என்ன செய்வார்? அடுத்த ஊரில் ஒரு மெக்கானிக்கைப் பிடிப்பார். சென்சாரின் விலையைக் கேட்டு ஓனருக்குத் தலை சுற்றும், கம்பெனி சர்வீஸில் பாகம் வர நாலு நாள் ஆகும் என்பார்கள். மெக்கானிக் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவை மாட்டுவார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் அது பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். யூரியா தெளிப்பது நிற்கும், செலவும் மிச்சம். நைட்ரஜன் ஆக்சைடு, எஞ்சினைப் பொறுத்துப் பத்து மடங்குகூட ஏறும். புகை டெஸ்டில்? பாஸ்.

இந்த டப்பா சட்டப்படி குற்றம், அதில் சந்தேகமே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்ததை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ, அப்படி மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் 10,000 வரை. கணக்கைப் பாருங்கள், கறுப்புப் புகையை மட்டும் அளந்த காகிதம் கையில் இல்லாததற்கு, மொத்தச் சுத்திகரிப்பையும் கழற்றிப் போட்டதற்கு ஆகும் அபராதத்தைப்போல இரண்டு மடங்கு. அதுவும் டப்பாவைக் கண்டுபிடித்தால்தானே!

என் கருத்தில் விதி மாற வேண்டிய இடம் இதுதான். விற்பதற்கு முன் நடக்கும் டெஸ்ட் உலகத் தரத்துக்கு வந்துவிட்டது, விற்ற பிறகு நடப்பது முப்பது வருஷத்துக்கு முந்தையது. பெம்ஸை எல்லோருக்கும் கொண்டுவர முடியாது என்பது நிஜம், ஆனால் அதற்கும் புகை டெஸ்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 அக்டோபர் முதல் பெரிய லாரிகளின் கம்ப்யூட்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படித்துப் பார்க்கிறார்கள். என்ன கோளாறு பதிந்திருக்கிறது, யாராவது அழித்திருக்கிறார்களா, எவ்வளவு நாளுக்கு முன் அழித்தார்கள் என்று அதில் தெரிந்துவிடும். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூன்றிலும் 2022, 2023இல் புகைத் துகள்களை எண்ணும் சின்னக் கருவியை எஃப்.சி. மாதிரியான சோதனையில் வைத்துவிட்டார்கள். வண்டி ஐட்லிங்கில் நிற்கும், ஒரு நிமிஷ வேலை. சைலன்சர் வழியில் கறுப்புத் துகளைப் பிடிக்கும் ஃபில்டர் உடைந்திருந்தாலோ உள்ளே தோண்டி எடுத்திருந்தாலோ உடனே காட்டிக்கொடுக்கும். எட்டு வயதைத் தாண்டிய லாரி இங்கே வருஷா வருஷம் எஃப்.சி.க்கு வந்தே ஆக வேண்டும், ஆட்டோமேட்டிக் டெஸ்ட் ஸ்டேஷன்களும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த லைனில் இந்த இரண்டையும் சேர்ப்பதற்கு ராக்கெட் விஞ்ஞானியா வேண்டும்?

கம்பெனிக்காரர்களையும் இதில் விட்டுவிடக்கூடாது. 16 டன்னுக்கு மேற்பட்ட லாரியில் சுத்திகரிப்பு ஒழுங்காக வேலை செய்வதற்கு அவர்கள் பொறுப்பேற்பது 7 லட்சம் கிலோமீட்டர் அல்லது ஏழு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரை. லைன் லாரி வருஷத்துக்கு ஒரு லட்சம் ஓடினால் சரியாகத் தீர்ந்துபோகும். நம் லாரிகள் பதினைந்து வருஷம் ஓடுகின்றன. மீதிக் காலத்துக்கு யார் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்று தெரிந்தால் வண்டியைத் திரும்பப் பெறச் சொல்ல அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் அதிகாரம் இருக்கிறது, 1 கோடி வரை அபராதமும் இருக்கிறது, இதைப் பயன்படுத்தவும் அதே ஏழு வருஷக் கணக்குதான்.

இனி எரிபொருள். இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். "சி.என்.ஜி.க்கு அரசு ஒப்புதல் உண்டு", "பயோடீசலுக்கு ஒப்புதல் உண்டு" என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்த ஒப்புதல் உங்கள் வண்டிக்கு ஆனது என்று அர்த்தம் கிடையாது. 2016இலேயே 100 சதவீத பயோடீசலுக்கும், டீசல் எஞ்சினுக்கான 95 சதவீத எத்தனாலுக்கும் மாசு வரம்பு வகுத்தாயிற்று. 2020இல் 18 சதவீத ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யும் வந்தது, டெல்லியில் 50 பஸ்ஸில் ஓட்டிப் பார்த்தார்கள். இவை எல்லாம் கதவைத் திறந்து வைப்பது மட்டும். உள்ளே போக ஒவ்வொரு எஞ்சினும் அந்த எரிபொருளில் தனியாக டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம்ம ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற வண்டிச் சோதனை நிலையங்களில்தான் அது நடக்கும். காஸ் என்றால் சிலிண்டருக்கு நாக்பூரில் இருக்கும் பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் தனி.

உங்கள் 2018 வண்டிக்கு வருவோம். டீசல் எஞ்சினை சி.என்.ஜி. ஆக்குவது என்றால் ஒரு சிலிண்டரைக் கட்டி ஒரு குழாயை இழுப்பதல்ல. டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் 17 போல இருக்கும், காஸுக்கு அது 11, 12க்கு இறங்க வேண்டும், பிஸ்டன் மாறும். இன்ஜெக்டர் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வரும். பழைய டீசல் பஸ்களை இப்படி மாற்றி சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகமும் ஓட்டிப் பார்த்திருக்கிறது, ஆகாத காரியம் இல்லை. ஆனால் அவர்களிடம் டிப்போ இருக்கிறது, ஒரே மாடல் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, மாலையானால் வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. பாதி டீசல் பாதி காஸ் என்று விற்கும் மலிவான கிட் இன்னொரு வகை. அதில் எரியாத மீத்தேன் சைலன்சர் வழியாகத் தப்பும். மீத்தேன் சூடேற்றும் கணக்கில் கரியமிலவாயுவைவிடக் கிட்டத்தட்ட 28 மடங்கு கெட்டது, பி.எஸ்.6இல் காஸ் எஞ்சினுக்கு மீத்தேனுக்கென்றே தனி வரம்பு வைத்திருப்பது அதனால்தான். கண்ணால் பார்த்தால் புகையே இருக்காது, எல்லோரும் சுத்தம் என்பார்கள். டெல்லியிலும் குருகிராமிலும் ரோட்டோரம் ஒளிக்கற்றை வைத்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அளந்து 2024இல் வெளியிட்டபோது, சி.என்.ஜி. சரக்கு வண்டிகளிலும் டாக்சிகளிலும் நைட்ரஜன் ஆக்சைடு ஆய்வக வரம்பைப்போலப் பல மடங்கு இருந்தது.

பி.எஸ்.6 வண்டியை மாற்றலாமா என்றால், 2022 ஆகஸ்டில் வந்த அனுமதி 3.5 டன்னுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளுக்குத்தான். உங்கள் லாரி அதில் வராது, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். காஸில்தான் ஓட்ட வேண்டும் என்றால் கம்பெனியே கட்டிக்கொடுக்கும் சி.என்.ஜி. அல்லது எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய காஸ்) வண்டிதான் வழி. நீண்ட லைனுக்கு எல்.என்.ஜி. பொருந்தும், நாலு நாள் ஓரம் கட்டினால் டேங்கில் அழுத்தம் ஏறி காஸை வெளியே விட்டுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஹைட்ரஜனுக்கு 2025 மார்ச்சில் 37 வண்டிகளோடு சோதனை ஓட்டம் அறிவித்தார்கள், அது இன்னும் உங்கள் வாசலுக்கு வர நாளாகும்.

பயோடீசல் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பங்கில் வரும் சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க இந்தியத் தரக்குறியீடு அனுமதிக்கிறது, அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. லிட்டருக்குப் பத்துப் பதினைந்து குறைத்து, தகர ஷெட்டில் கேன் கணக்கில் விற்பது அதுதானா என்று உங்களால் சொல்ல முடியாது, விற்கிறவரும் சொல்ல மாட்டார். கந்தகம் 10 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பி.எஸ்.6 ஃபில்டருக்குள் அது போனால் சென்சார் செலவெல்லாம் சில்லறை என்று ஆகிவிடும். நிஜமான பயோடீசலாகவே இருந்தாலும் 20 சதவீதம் கலந்தால் கறுப்புத் துகள் பத்து சதவீதம் போலக் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு இரண்டு சதவீதம் போல ஏறும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002இலேயே கணக்கெடுத்தது. மறுபடியும் அதே கதை, புகை டெஸ்டில் நல்ல மார்க்.

பழைய வண்டிக்கு யாராவது கிட் விற்க வந்தால் மூன்று காகிதம் கேளுங்கள். இதே எஞ்சின் மாடலின் பேர் போட்ட கிட் ஒப்புதல், அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். சிலிண்டரின் பெசோ சான்றிதழ், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மாற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் எரிபொருள் கட்டத்தைத் திருத்திக் கொடுப்பேன் என்று பில்லிலேயே எழுத்தில் ஒரு வரி. ஆர்.சி.யில் டீசல் என்றிருந்து வண்டியில் காஸ் இருந்தால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். 2022 வண்டியில் யூரியா விளக்கு எரிந்தால் டப்பாக்காரரிடம் போகாமல், முதலில் யூரியாவின் தரத்தையும் டேங்க் அடியில் உப்புப் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று எங்களிடம் வந்த வண்டிகளில் பலவற்றுக்குக் குழாயைக் கழுவி, நல்ல ஆட்ப்ளூ ஊற்றியதோடு வேலை முடிந்தது.